ஆட்டுக்கல் உட்கார ஓர் இடம்

கூலிக்காரன் சம்பாதித்து ஒரு வீடு வாங்க முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்கிறவர் பெரும்பாலும் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பவராக இருப்பார். இருபத்தைந்து வருடம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நின்று என் கை இரண்டும் பட்டைச் சாறு ஏறிப் பழுப்பாகிவிட்டன. இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் முடியாது என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்தோணியும் அவன் பெண்சாதி அமிர்தவள்ளியும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொள்வேன்.

அந்தோணி என்னோடு ஒரே தொட்டியில் வேலை செய்தவன். சுண்ணாம்புக் குழியில் கிடந்து மயிர் நீங்கி வரும் தோல்களை ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் போட்டு, தினமும் புரட்டி, எடுத்து, மறுபடி போடுவது எங்கள் வேலை. அவனுக்குப் பேச்சு குறைவு. பத்து வார்த்தை போதும் என்கிற இடத்தில் நான் இருபது பேசுவேன், அவன் ஒன்று பேசுவான். சராசரி போட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்கான மனிதர்கள்.

1946-ல் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் சோளிங்கர் பக்கத்து ஊர். அவள் அப்பா கல் கொத்துகிறவர். மகளுக்கு நகை போட அவரிடம் வழியில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து தானே கொத்திய ஓர் ஆட்டுக்கல்லைச் சீராகக் கொடுத்தார். அதை ரயிலேற்றிக் கொண்டுவந்தது பெரிய கூத்து. ஆம்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கலெக்டர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வெளியே விட்டுவிட்டு, கல்லை மட்டும் நிறுத்திவைத்து லக்கேஜ் கட்டணம் கேட்டார். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையிடம் காசில்லை. நான்தான் கட்டினேன். அந்தக் கல்யாணத்துக்கு என் மொய் அதுதான்.

கல்லில் ஒரு குறை இருந்தது. குறை என்று சொல்வதும் தப்பு. மகள் சொந்த வீட்டில் தரையில் பதித்துக்கொள்வாள் என்று நினைத்து அந்த மனிதர் அடிப்பக்கத்தை உருண்டையாக விட்டிருந்தார். கழுத்துவரை மண்ணுக்குள் போக வேண்டிய கல் அது. தரைமேல் வைத்தால் ஆடும். குழவியைச் சுற்றினால் கல்லும் கூடவே சுற்றப் பார்க்கும்.

ஆனால் அந்தக் கல்தான் குடும்பத்தின் பாதிச் சம்பாத்தியம். அமிர்தவள்ளி விடியற்காலையில் இட்லி அவித்துக்கொண்டு ஷாப் வாசலில் உட்காருவாள். சங்கு ஊதுவதற்குள் கூடை காலியாகிவிடும். அந்தோணியின் வாரக் கூலி வயிற்றுக்கு, இட்லிக் காசு மனைக்கு என்று கல்யாணமான மாதமே முடிவு செய்துவிட்டாள். தினமும் மாவு அரைக்க வேண்டும். அந்தோணி பழைய கயிற்றைத் திரித்து ஒரு பெரிய பிரிமணை செய்து கல்லுக்கு அடியில் கொடுத்தான். அப்படியும் ஆடியது. இடது காலை நீட்டிப் பாதத்தால் கல்லை அழுத்திக்கொண்டுதான் அவள் அரைப்பாள். வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி அந்தப் பாதத்தின் ஓரம் காய்த்துப்போயிருந்தது.

சாயந்திரம் வேலைவிட்டு வந்ததும் அந்தோணி அவளுக்கு எதிரே குந்தி, இரண்டு கையாலும் கல்லை அணைத்துப் பிடித்துக்கொள்வான். எங்களிடம் வாயைத் திறக்காதவன் அந்த ஒரு மணி நேரம் அவளிடம் பேசிக்கொண்டே இருப்பான். என்னதான் பேசுவானோ, குழவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. "பொண்டாட்டி கையப் புடிடான்னு கட்டிவெச்சா, இவன் கல்லைப் புடிச்சினு குந்திக்கீறான்" என்று நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஏழு வருடத்தில் நாலு வீடு மாறினார்கள். எல்லாம் அந்தக் கல்லால்தான். ஒரு வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகவில்லை. இன்னொருவர் சுவர் அதிர்கிறது என்றார். மூன்றாமவர் தரை ஓதம் காக்கிறது என்று பாத்திரத்தைத் தூக்கி வெளியே வைத்தார். நாலாவதாக நான் குடியிருந்த வரிசைக்கே வந்து சேர்ந்தார்கள். எட்டு அறை கொண்ட அந்த வரிசை ஜஹீருன்னிசா அம்மாளுடையது. புருஷன் இல்லாதவர், கறார்க்காரர், ஆனால் நியாயமானவர். சத்தத்தைப் பற்றி ஒரு நாளும் குறை சொல்லவில்லை. தினமும் நாலு இட்லி அவர் வீட்டுக்குப் போனது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தத் தைரியத்தில் அமிர்தவள்ளி ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"பீபிம்மா, அடுப்பாண்ட ஒரு பள்ளம் எடுத்துக் கல்லைப் பதிச்சிக்கட்டுமா? காலி பண்றப்போ மூடிக் குடுத்துட்டுப் போறோம்."

"வேணாம் அமிர்தம். நீ நல்ல பொம்பளதான். ஆனா கல்லைப் பதிச்சிட்டா, இது நம்ம வூடுன்னு ஒரு நெனப்பு வந்துடும். அப்பறம் போன்னா போவ மனசு வராது. எனக்கு அந்தப் பேஜாரு வேணாம்."

அந்த அம்மாள் சொன்னதில் தப்பே இல்லை. அமிர்தவள்ளிக்கு வேண்டியிருந்ததே அந்த நினைப்புதான். அன்று மாவு அரைக்கும்போது அவள் அழுததை எதிர் அறையிலிருந்து பார்த்தேன். அந்தோணி கல்லை விடாமல் பிடித்துக்கொண்டு தலை குனிந்திருந்தான்.

அடுத்த மாதமே மனை பார்க்கக் கிளம்பினான், கூட நானும் போனேன். 1953 அது. ரயிலடிப் பக்கம் கேட்டோம், பெரிய ரோட்டுப் பக்கம் கேட்டோம். விலை சொன்னவர்கள் எங்கள் கையின் நிறத்தைப் பார்த்துச் சிரிக்காமல் சொன்னதே பெரிது. மேட்டு மனைகளையெல்லாம் மேஸ்திரிகளும் கடைக்காரர்களும் வாங்கிவிட்டிருந்தார்கள். எங்களுக்கு எட்டியது பள்ளம்தான். ஏரிக்கரைக்குக் கீழே சூளைக்காரர் சுப்பராயன் செங்கல்லுக்கு மண் எடுத்து எடுத்து விட்டுப்போன குழி. ஆள் இறங்கினால் தலை தெரியாது. அதில் இரண்டு சென்ட் வாங்கினான். ஏழு வருட இட்லி அதற்குச் சரியாகப் போனது.

அமிர்தவள்ளி வந்து பார்த்தாள். குழியின் ஓரமாக ஒரு சுற்று நடந்தாள்.

"வூடு கட்ட எடம் வாங்கினியா, கெணறு வாங்கினியா?" என்றாள். பிறகு சிரித்தாள். "பரவால்ல. நம்ம பள்ளம்."

பள்ளத்தை மூட வேண்டும். வண்டி வண்டியாக மண் அடிக்கக் காசுக்கு எங்கே போவது? ஷாப்பின் பின்பக்கம் பட்டைச் சக்கை மலையாகக் கிடக்கும். சாறு இறங்கிய பிறகு அள்ளிக் கொட்டுவது. யார் எடுத்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரு நாள் டீக்கடையில் அந்தோணி என்னைக் கேட்டான்.

"பரந்தாமா, அந்தச் சக்கையப் போட்டு மூடுனா நிக்குமா?"

இங்கேதான் என் வாய் முந்திக்கொண்டது.

"இன்னாடா இப்பிடிக் கேக்கற? செத்த மாட்டுத் தோலையே அழுகாம வெக்கிற பட்டை. அதுவா அழுகப்போவுது? மண்ணைவிட ஜாஸ்தி நாளு நிக்கும்!"

டீக்கடையில் இருந்த பத்துப் பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பத்துப் பேரும் தோல் ஷாப் ஆட்கள். அழுகலைத் தடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. எதை எத்தனை நாள் ஊறவைத்தால் எத்தனை வருடம் கெடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அந்தக் கர்வத்தில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்து நிலத்தில் ஏர் ஓட்டுகிற ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

இரண்டு வருடம் அந்தோணி சக்கை சுமந்தான். வேலை விட்டதும் ஒரு கூடை தலையில், ஏரிக்கரைவரை ஒரு மைல். லீவு நாளில் பத்துக் கூடை. கூடையிலிருந்து வடிந்த பழுப்புத் தண்ணீர் அவன் கழுத்திலும் முதுகிலும் கோடு கோடாகக் காய்ந்திருக்கும். தெருப் பிள்ளைகள் அவனுக்குச் 'சக்கை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கொட்டிவிட்டுக் குழியில் இறங்கி மிதிப்பான், அமிர்தவள்ளியும் கூட மிதிப்பாள். 1956 கோடையில் பள்ளம் மூடிவிட்டது. மேலே ஒரு சாண் மண்ணைப் பரப்பினோம். குதித்துப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. அதையும் நல்ல குறி என்று நான்தான் சொன்னேன்.

தை பிறந்ததும் சுவர் எழுப்புவது என்று அந்தோணி சுப்பராயனிடம் செங்கல்லுக்குச் சொல்லி வைத்தான். அமிர்தவள்ளி அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.

"சுவரு வரப்போ வரட்டும். கல்லு மொதல்ல உக்காரட்டும். பத்து வருசமா என் காலு அதுங்கூட மல்லுக்கட்டுது."

"வெட்டவெளில வெச்சி இன்னாம்மே பண்ணுவ?"

"அரைப்பேன். வேற இன்னா பண்ணுவாங்க?"

ஆவணியில் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதித்தோம். கூரை இல்லை, சுவர் இல்லை, நாலு மூலைக்கு நாலு குச்சி மட்டும். அதற்கு நடுவில் அவள் உட்கார்ந்து குழவியைச் சுற்றினாள். தினமும் மத்தியானம் ஊறிய அரிசியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போவாள். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, மகள் சவுரியைப் பக்கத்தில் விளையாட விட்டு, அரைத்து, வழித்து, மாவைச் சுமந்துகொண்டு திரும்புவாள். போக ஒரு மைல், வர ஒரு மைல். பைத்தியம் என்றார்கள் வரிசையில். அந்த இரண்டு மாதம் அவள் முகத்தில் இருந்த களையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் விடவில்லை. மழை வெறித்த அன்று காலையில் மூவரும் போய்ப் பார்த்தோம். கல்லைக் காணோம். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, ஒரு முழத்துக்குமேல் உள்ளே இறங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் குழியில் மழைத் தண்ணீர் நின்றது. சுற்றிலும் தரை அப்பளம் மாதிரி மேலும் கீழுமாக வளைந்திருந்தது. கம்பை ஊன்றினால் இழுத்துக்கொண்டு போயிற்று. வெளியே இழுத்தால் கறுப்பாகச் சேறு, நாற்றம்.

செங்கல் பேச வந்த சுப்பராயன் குனிந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். அறுபது வயது மனிதர், கேலி செய்யவில்லை.

"பட்டை அழுகாதுதான் அப்பா. ஆனா அதுல இருந்ததெல்லாம் உங்க தோலுக்குள்ள போய்டுச்சே. நீங்க கொட்டுனது சக்கை. சக்கை அழுகாம இன்னா பண்ணும்?"

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். அந்தோணியின் கழுத்தில் இருந்த பழுப்புக் கோடுகளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு வருடம் அவன் சுமந்த சுமை, என் ஒரு வாய்ச்சவடால். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று நாள் வேலையில் என்னோடு ஒரே தொட்டியில் நின்றான், நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலாம் நாள் நான் பொறுக்கமாட்டாமல் அவர்கள் அறை வாசலில் போய் நின்றேன். அமிர்தவள்ளிதான் பேசினாள்.

"அண்ணே, கல்லு எறங்கினதோட போச்சி. சுவரு எழுப்பினப்பறம் எறங்கியிருந்தா, உள்ள சவுரி தூங்கினு இருந்திருப்பா. நீ சொன்னது தப்பு, நான் கல்லை மொதல்ல வெச்சது சரி. ரெண்டுக்கும் சரியாப் போச்சி. போ, போய் மம்மட்டி எடுத்துனு வா."

அந்தோணி அப்போதுதான் தலை தூக்கி என்னைப் பார்த்தான். "கடப்பாரையும் எடுத்துனு வாடா" என்றான்.

ஓடிப்போய் இரண்டையும் எடுத்துவந்தேன். அன்றுதொட்டு ஐந்து வருடம் என் லீவு நாளெல்லாம் ஏரிக்கரையில்தான் கழிந்தது. முதலில் கயிறு கட்டிக் கல்லை மேலே இழுத்தோம். அது பழையபடி வரிசை வீட்டுக்குத் திரும்பியது, பழையபடி பிரிமணை, பழையபடி அவள் கால், பழையபடி அவன் கை. பிறகு சுமந்து கொட்டியதையெல்லாம் தோண்டி வெளியே எடுக்கத் தொடங்கினோம்.

எடுத்ததைக் கரையில் பரப்பியிருந்தோம். வெயிலில் அது காய்ந்து சருகானதும் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த முறை வாயைத் திறக்குமுன் ஒரு பிடியைக் கொளுத்திப் பார்த்தேன். புகைந்தது, ஆனால் நின்று எரிந்தது. நேரே சுப்பராயனிடம் போனேன்.

"பெரியவரே, சூளைக்கு வெறகு வாங்கறீங்களே, இதைப் போட்டு எரிங்க. காசு வேணாம். பதிலுக்கு உங்க சூளைல ஒடஞ்ச கல்லும் மண்ணும் வண்டியோட வந்து கொட்டிட்டுப் போங்க."

"இன்னா, அதே குழியிலயா?"

"தோண்டுனது நீங்கதானே? நீங்களே மூடுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சரி என்றார். எந்தக் குழியிலிருந்து மண் எடுத்துச் செங்கல் அறுத்தாரோ அந்தக் குழிக்கே சூளையில் வீணான கல்லைக் கொண்டுவந்து கொட்டினார். இரண்டு வருடத்தில் பள்ளம் மூடியது. இந்த முறை நான் குதித்துப் பார்த்தபோது குதிகால் வலித்தது.

அப்புறம் சுவர். ஒரு வருடம் அஸ்திவாரமும் இடுப்பு உயரமும். இட்லிக் காசு தீர்ந்தால் வேலை நிற்கும். அடுத்த வருடம் தலை உயரம். இடிந்த ஒரு பங்களாவிலிருந்து கதவு கிடைத்தது, வாசலைவிட அகலமான கதவு. கதவை அறுக்க மனசில்லாமல் வாசலை அகலப்படுத்தினோம். மேலே நாட்டு ஓடு. ஓர் அறை, பின்னால் ஒரு சமையல் தாழ்வாரம், அவ்வளவுதான். 1962 தையில் முடிந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடம். அந்தோணிக்கு முன்மயிர் நரைத்துவிட்டிருந்தது. அமிர்தவள்ளிக்குக் கீழே உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். இதை வாங்க முடிந்தது என்று சொல்வதா, இரண்டு பேரும் தங்களை விற்று முடித்தார்கள் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

காலி செய்கிற அன்று ஜஹீருன்னிசா அம்மாள் அறைக்குள் வந்து தரையைப் பார்த்தார். ஒன்பது வருடம் பிரிமணை இருந்த இடம் வட்டமாகத் தேய்ந்திருந்தது.

"பதிக்க வேணாம்னேன். அப்பவும் பள்ளம் பண்ணிட்டே, பாரு" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

புது வீட்டில் மாதா கோயில் சாமியார் வந்து ஜெபித்து, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். வந்தவர்கள் வெல்லமும் கடலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். நானும் அந்தோணியும் தாழ்வாரத்தில் குழி எடுத்துக் கல்லை இறக்கினோம். சுற்றிலும் சூளைத் தூளைப் போட்டு இடித்து இறுக்கினோம். நான் எழுந்து நின்று உதைத்துப் பார்த்தேன். என் கால் கட்டைவிரல்தான் போயிற்று. அந்தக் கல்லைக் கொத்திய மனிதர் அப்போது உயிரோடு இல்லை. உருண்டையாக விட்ட அடிப்பக்கம் கடைசியில் மண்ணுக்குள் போனதை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அமிர்தவள்ளி ஊறிய அரிசியோடு தயாராக இருந்தாள். உட்கார்ந்தாள். அந்தோணி எதிரே குந்தினான். குழவி சுற்றத் தொடங்கியது. கல் அசையவில்லை, ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அவள் இடது கால் மட்டும் தானாக நீண்டு வந்து, காய்த்துப்போன அந்தப் பாதத்தால் கல்லை அழுத்திக்கொண்டது.

அந்தோணி அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இந்தாம்மே" என்றான். "கல்லு இனிமே எங்கயும் போவாது. நாமளும் எங்கயும் போவப்போறதில்ல. காலை எடு."

அவள் குழவியை நிறுத்தினாள். தன் காலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

"என் காலைச் சொல்ல வந்துட்டியா? உன் கையப் பாருய்யா மொதல்ல."

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவன் இரண்டு கையும் கல்லின் விளிம்பை இறுக்கப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவன் கையை எடுக்கவில்லை. அவளும் காலை எடுக்கவில்லை. மாவு முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு என் வாடகை வீட்டுக்குக் கிளம்பினேன்.